மச்சானின் நம்பரில் வேறொருவர்

அக்காவை அழைத்து வரத்தான் மலாக்காவுக்குப் போனேன். போகும்போதே திரும்பி வர இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தேன். மணப்பாறையில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வெள்ளையடித்து, கட்டில் வாங்கிப் போட்டு, முழங்கால் வலிக்காரிக்குத் தோதாகக் கழிப்பறையையும் மாற்றியாகிவிட்டது. அக்கா லூர்துமேரி கல்யாணமாகி மலேசியா போனவள். வெகுகாலம் காத்துக் கிடந்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவள். ஆகவே பிறந்த ஊருக்கு வரவே அவளுக்கு விசா வேண்டும். அதையும் நானே எடுத்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் நடத்துகிற எனக்கு அது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அக்கா கணவர் சவரிமுத்து மச்சான் லாரி ஓட்டியவர். அவர் இறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. பிள்ளைகள் இல்லை. இனி அவளுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் என் கணக்கு.

மலாக்காவின் புக்கிட் காத்திலில் அவள் இருப்பது அரசாங்கம் வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடி. லிப்டில் 'ரோசாக்' என்று தாள் ஒட்டியிருந்தது. பழுது என்று அர்த்தமாம். அந்தத் தாளே மழையில் நனைந்து, காய்ந்து, பழுப்பேறியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி மூச்சு வாங்க நின்றபோது அக்கா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "கை கழுவிட்டு வா, நாசி லெமாக் ஆறுது" என்றாள்.

தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, இனிப்பும் காரமுமான சம்பல். நம்மூரில் காலையில் யாரும் நெத்திலி தின்பதில்லை. நான் இரண்டாவது பொட்டலத்தையும் பிரித்தேன்.

"எப்ப மூட்டை கட்டலாம்?" என்று கேட்டேன்.

"வீடு மச்சான் பேர்லதான் இருக்கு. அத என் பேருக்கு மாத்தணும். இந்த மாசக் கடைசிக்குள்ள மாத்தலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். அத முடிச்சிட்டு மத்தத பேசலாம் தம்பி."

விட்டுவிட்டு வரப்போகிற வீட்டுக்குப் பெயர் மாற்றம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கணக்கு வழக்கை நேர் செய்துவிட்டு வர நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக் கமலா எங்களை வீட்டு வாடகை அலுவலகத்துக்குத் தன் காரில் கூட்டிப் போனார். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. மச்சானும் அவரும் மஸ்ஜித் தானா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களாம். வண்டியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். "முன்னெல்லாம் பார்க்கிங் கூப்பன் வாங்கிச் சுரண்டி வைப்போம். இப்ப இதுலதான் கட்டணும் லா. மறந்தா சம்மனும் இதுலயே வந்துரும்" என்றார்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் மையத்தில் காலையிலேயே ஆதார் அட்டையை விசிறியாக்கி வீசிக்கொண்டு கூட்டம் நிற்கும். இங்கே குளுகுளுவென்று வெறிச்சோடிய கூடம். சுவரோரம் தொடுதிரைகள் வரிசையாக மினுங்கின. ஒரே ஒரு கவுண்டரில் முக்காடு போட்ட ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தார். சிரித்த முகம்.

"மாக்சிக், இப்ப நாங்க தாள் வாங்கறதில்ல. எல்லாம் போன்லயே செய்யலாம். ரொம்ப சுலபம்" என்றார் அவர் அக்காவிடம். மாக்சிக் என்றால் அத்தையாம். கமலா மொழிபெயர்த்துவிட்டு, "சுலபம்னு சொன்னாலே நான் லீவு போட்டுருவேன்" என்று தன் பங்குக்குச் சேர்த்தார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மச்சானின் கணக்கில் நுழைய வேண்டும். இறப்புச் சான்றிதழைப் பதிவேற்றி, துணைவியின் பெயரைக் குறிக்க வேண்டும். நான் கைப்பேசியை வாங்கி மச்சானின் அடையாள அட்டை எண்ணை அடித்தேன். ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. எங்கே அனுப்பியது? மச்சானின் நம்பருக்கு. அந்த நம்பருக்கு அக்கா பணம் போடாமல் விட்டு, அது செத்து, கம்பெனிக்காரர்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம்.

"அப்ப நம்பர மாத்திக் குடுங்க" என்றேன்.

"மாத்தலாம். கணக்குக்காரர் நேர்ல வந்து, அந்த மெஷின் முன்னால முகத்தக் காட்டணும்."

கமலா கவுண்டரில் கையை ஊன்றினார். "ஆளு செத்ததச் சொல்றதுக்கு, செத்த ஆளே வந்து மூஞ்சியக் காட்டணுமா?"

அந்தப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது. கமலாவை அக்கா என்ற அர்த்தத்தில் காக் என்றார். "எனக்குப் புரியுது காக். சிஸ்டத்துல அதுக்கு இடமில்ல. மேல எழுதறேன். ஆனா பதில் வர மாசக்கணக்கா ஆகும்." கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "அந்த நம்பர் இப்ப யார்கிட்ட இருக்கோ, அவங்க உதவி செஞ்சா நல்லது."

வாசலில் நின்றபடியே என் புது சிம்மிலிருந்து அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். எனக்கு மலாய் தெரியாது, ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். ஓடிபி என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் எதிர்முனை வெடித்தது. ஸ்கேமர், போலீஸ் என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் விளங்கின. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கமலாவின் போனில் முயன்றோம். அவரையும் திட்டிவிட்டு வைத்துவிட்டார். குறை சொல்ல முடியாது. 'ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று என் மையத்துச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருப்பவனே நான்தான்.

மறுநாள் என்னால் உட்கார முடியவில்லை. அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடந்தேன். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது, விமானமோ அதற்கும் முன்னால். போன் கம்பெனிக் கடைக்காவது போய்க் கேட்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன். அங்கிருந்த பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், யாருக்குக் குடுத்தோம்னு சொன்னா என் வேல போயிரும்" என்றான். தமிழ்ப் பையன்தான். தமிழுக்காகக்கூட அவன் வளையவில்லை.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்க்கலாம் என்று நிறுத்தத்தில் எழுதியிருந்தது. பார்த்தேன். ஒரு சின்ன பஸ் வரைபடத்தில் ஊர்ந்து வந்து, என் நிறுத்தத்தை அடைந்து, என்னைத் தாண்டியும் போய்விட்டது. சாலையில் அப்படி எதுவும் வரவில்லை. ஆத்திரத்தில் அடுத்து வந்ததில் ஏறினேன். அது என்னைக் கொண்டுபோய் மிருகக்காட்சி சாலை வாசலில் இறக்கியது. வெயிலில் நின்று கரும்புச்சாறு குடித்தேன். தள்ளுவண்டிக்காரர் காசை வாங்கிக்கொள்ள மறுத்து, தொங்கிக்கொண்டிருந்த க்யூஆர் அட்டையைக் காட்டினார். என் இந்தியச் செயலி அதைப் படிக்க மறுத்தது. கடைசியில் பின்னால் நின்ற ஒரு சீனப் பெரியவர் தன் போனை நீட்டிக் கட்டிவிட்டு, என் ரூபாய்… இல்லை, ரிங்கிட்டை வாங்கிக்கொண்டார். அந்த அளவுக்குக் குழம்பிப் போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, கமலா அங்கே உட்கார்ந்திருந்ததையும் பாராமல் கத்தினேன். "போதும்க்கா. வீடு போனாப் போகுது. நீ கிளம்பு."

அக்கா தன் கைப்பேசியை எடுத்து, பார்க்காமலே விரலை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள் போல, மணி அடிப்பது எனக்கும் கேட்டது. எடுத்தது நேற்றைய அதே குரல். ஆனால் இன்று அதில் கோபம் இல்லை.

கமலா என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "'நீங்களா? இன்னிக்கும் பேசாம வச்சிருவீங்களா?'ன்னு கேக்குது அந்த அம்மா."

அக்கா உதட்டைக் கடித்தாள். பிறகு மலாயில் பேச ஆரம்பித்தாள். நான் அவள் மலாய் பேசிக் கேட்டதே இல்லை. தட்டுத் தடங்கல் இல்லாமல், கைகளை ஆட்டி, வேறு யாரோ ஒருத்திபோலப் பேசினாள். நடுவில் குரல் உடைந்தது.

விஷயம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மச்சான் போன பிறகும் அக்கா அவர் நம்பருக்குக் கூப்பிட்டபடியே இருந்திருக்கிறாள். முதலில் பதிவுக் குரல்தான் வந்ததாம். ஒருநாள் யாரோ எடுத்துவிட்டார்கள். வைத்துவிட்டாள். அப்புறமும் மனசு கேட்கவில்லை. கூப்பிடுவாள், அந்த அம்மா ஹலோ சொல்வார், இவள் பேசமாட்டாள்.

"வெக்கமா இருந்துச்சு தம்பி. அதான் நேத்து சொல்லல."

"அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

"போன்ல ஓடிபி தரமாட்டாங்களாம். நேர்ல வரச் சொல்றாங்க. கடலோரத்துல தங்கா பத்துங்கற ஊர்ல இருக்காங்களாம்."

அடுத்த நாள் கமலாவின் கார் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, கடற்கரைச் சாலையில் பாதி வழியில் புகைந்து நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கமலா பதறவே இல்லை. எதிரே இருந்த கடையில் தேங்காய் அடித்த குளிர்பானம் வாங்கி வந்தார், மேலே ஐஸ்கிரீம் மிதந்தது. நான் குடிக்காமல் இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க முறைச்சா அது சீக்கிரம் ஆறுமா தம்பி? குடிங்க லா" என்றார்.

தங்கா பத்தில் அந்த அம்மாவின் வீட்டுத் தாழ்வாரமே ஒரு சாப்பாட்டுக் கடை. பெயர் ரோஹானி. கனத்த உடம்பு, கையில் மீன் கரண்டி. கூட்டம் இருந்தது. எங்களைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு நேராக அக்காவிடம் வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றார்.

புளியும் மிளகாயும் போட்டு வைத்த மீன், ஆசாம் பெடாஸ். எங்கள் ஊர் மீன் குழம்புக்குத் தூரத்து உறவு. இதில் ஏதோ ஒரு பூவின் வாசம் கூடுதலாக இருந்தது. கமலா மொழிபெயர்க்க, சாப்பிட்டுக்கொண்டே அவர் கதையைக் கேட்டோம். போலீஸ் அதிகாரி என்று ஒருவன் பேசி, ஓடிபி கேட்டு, அவர் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் துடைத்துவிட்டானாம். அதற்குப் பிறகு பழைய நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு வாங்கியதுதான் இந்த நம்பர்.

"புது நம்பர்னு நிம்மதியா இருந்தேன். ஒரே அழைப்பு. சவரி இருக்காரா, சவரி இருக்காரா? லாரி வேணுமாம், தேவாலயத்துல நாற்காலி தூக்கணுமாம். யாரு இந்த சவரின்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். அவரே அப்புறம் ஒருநாள் கூப்பிட்டு, இறந்துட்டாருன்னு சொல்லி அழுதார். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் நான்தான் சொல்றேன், அவர் போயிட்டாரு, நல்ல மனுஷன்னு. நல்ல மனுஷன்னு எனக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்ட ஒருத்தர்கூடத் திட்டினது இல்லையே."

அக்கா தலை குனிந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லா முள்ளையும் எடுத்து முடித்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவசரப்படுத்தினேன். எண்ணை அடித்தேன். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது, பிறகு முயலவும்' என்றது திரை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எந்த நாட்டு சர்வரானாலும் ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் படுக்கிறது.

மத்தியானம் முழுக்கக் கையில் கைப்பேசியோடு அலைந்தேன். கடல் வெகுதூரம் பின்வாங்கிச் சேறாகக் கிடந்தது. கமலா, "சும்மா நடந்து ஏன் செருப்ப தேய்க்கிறீங்க, வாங்க" என்று எங்களைக் காரில் ஏற்றி மஸ்ஜித் தானா தாண்டித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ரப்பர் போய்ச் செம்பனை, அதாவது பாமாயில் மரம், வந்துவிட்டது. அவர்கள் பிறந்த லைன் வீடுகளில் இப்போது வங்கதேசத்து ஆட்கள் இருந்தார்கள். துணிக்கொடியில் லுங்கிகள் காய்ந்தன. ஒருவன் படியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். கமலா ஒரு கதவைக் காட்டி, "இதான் எங்க வீடு" என்றார். இறங்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார். "இங்க பாக்க ஒண்ணும் இல்ல தம்பி. ஆளுங்க எல்லாம் இப்ப எங்க பிளாக்லதானே இருக்காங்க."

ரோஹானி வீட்டுக்கு நாங்கள் திரும்பியபோது பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. மறுபடி எண்ணை அடித்தேன். அவருடைய போன் சிணுங்கியது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒருமுறை சூடு பட்ட கை. அந்தத் தயக்கம் அவர் விரலில் தெரிந்தது. பிறகு போனை அக்காவிடமே கொடுத்துவிட்டார். "நீங்களே படிங்க. என் வாயால சொல்லமாட்டேன்னு பிள்ளைங்ககிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

அக்கா ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள், நான் அடித்தேன். திரையில் மச்சானின் படம் வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், மீசை முறுக்கி.

உள்ளே நுழைந்த பிறகு அது முகம் எதுவும் கேட்கவில்லை, கைப்பேசி எண்ணை அக்காவின் எண்ணாக மாற்றினேன். சான்றிதழ் ஏறியது. துணைவி பெயர் ஏறியது. கடைசியாக ஒரு கேள்வி வந்தது. கமலா படித்துச் சொன்னார்: "துணைவி இந்த வீட்டுல தொடர்ந்து குடியிருப்பாங்களா? ஆமா, இல்ல."

நான் யோசித்தேன். இல்லை என்று போட்டால் விண்ணப்பம் செல்லாது. ஆமாம் என்று போட்டால் பொய். அதற்குள் அக்கா கையை நீட்டி, என் கையிலிருந்த திரையில் ஆமாம் என்பதை அழுத்திவிட்டாள்.

"அக்கா, அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக்கூடாது."

"நான் பொய் சொல்லல தம்பி."

காரில் திரும்பும்போது அடக்க முடியவில்லை. பின்னறை, கட்டில், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்தையாகக் கிடந்து என்ன செய்வாய் என்றேன். முழங்கால் வலிக்கு யார் பார்ப்பார்கள், லிப்ட் கூட ஓடவில்லையே என்றேன். கமலா கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

அக்கா முழுவதும் கேட்டாள். "நீ நல்லாத்தான் வச்சுக்குவ. எனக்குத் தெரியும். ஆனா அங்க வந்தா நான் ஒன் வீட்டுல இருப்பேன். இங்க என் வீட்டுல இருக்கேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

காலையில் எழுந்து அவளுடைய டிக்கெட்டை ரத்து செய்தேன். அதற்கும் ஒரு ஓடிபி வந்தது, என் நம்பருக்கே. அக்கா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டு ஏதோ பாடினாள். பூசைப் பாட்டுக் குழுவில் அவள்தான் முதல் குரல் என்று கமலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளைப் பற்றி வேறு என்னென்ன தெரியாது என்று எண்ணிப் பார்க்கப் பிடிக்காமல் கீழே போய், லிப்ட் பழுதைப் புகார் செய்ய ஏதாவது செயலி உண்டா என்று தேடினேன். இருந்தது. படம் எடுத்துப் போட்டேன். ஏற்கெனவே அதே லிப்டுக்குப் புகார் போட்டவர்களின் படங்கள் அதில் வரிசையாக நின்றன.

நான் கிளம்பும் நாள் காலை அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. வீட்டைப் பார்வையிட ஆள் வருகிறாராம். வந்தது கவுண்டரில் இருந்த அதே பெண். படியேறி மூச்சிரைக்க, கையில் பலகைபோல ஒரு திரையோடு நின்றார். அக்காவைப் பார்த்ததும், "நம்பர் கிடைச்சிருச்சா மாக்சிக்?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

கமலாவும் வந்து சேர்ந்தார். அந்தப் பெண் அறைகளை எட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், திரையில் டிக் அடித்தார். முடிவில், குடியிருப்பவரை வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். அக்கா ஒரு நிமிடம் என்று சொல்லி உள்ளே போனாள். தலை சீவி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நானும் என் பெட்டியோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஊருக்குப் போகிறவன், அக்காவோடு ஒரு படம் இருக்கட்டுமே என்று.

அந்தப் பெண் திரையைத் தூக்கிப் பிடித்தார், தாழ்த்தினார். கமலாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

கமலாவுக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. "தம்பி, கோச்சுக்காதீங்க. வீட்டு ஆளு மட்டுந்தான் படத்துல இருக்கணுமாம். நீங்க கொஞ்சம் தள்ளிக்கணுமாம்."

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு நகர்ந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை நேராக வைத்துக்கொண்டு நின்றாள்.